விசைத் தெளிப்பான் யந்திரம் சரிவர ஓடாமையும் அதன் பரிகாரமும்

புதுக்கோட்டை ஜில்லா குளத்தூர்ப் பகுதியில் நஞ்சைச் சாகுபடி பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழையையும், அம்மழையால் நிரம்பும் கண்மாய்களையும் நம்பியே நடைபெறுகின்றது. ஆகையால் முதுகில் சுமந்து மருந்தடிக்கும் பெட்ரோல் யந்திரங்களுக்கு வருஷத்தில் சில மாதங்களே வேலை உண்டு. ஏனைய மாதங்களில் அவை திண்ணை மூலையிலோ மோட்டார்க் கொட்டகையிலோ கவனிப்பாரின்றிக் கிடக்கும். மார்கழி மாதத்தில் பயிரின் அடித்தூரில் புகையான் கண்டவுடன் யந்திரத்தை அவசரமாக எடுத்துக் கயிற்றை இழுத்தால் அது கிளம்புவதில்லை. கிளம்பினாலும் திக்கித் திக்கி ஓடி, விசையைக் கூட்டியதும் நின்றுவிடும். புகையானோ சாற்றை உறிஞ்சிச் சில தினங்களுக்குள் பயிரை வட்டம் வட்டமாகக் கருகச் செய்யவல்லது. இரண்டு நாள் தாமதமும் அப்போது பெரும் நஷ்டமாய் முடியும். இந்நிலையில் யந்திரம் பழையதாகிவிட்டதென்று அதைக் கழிப்போரும், தேவையின்றிப் பிஸ்டனை மாற்றிப் பணத்தை விரயஞ் செய்வோரும் உளர். பெரும்பாலும் குற்றம் யந்திரத்தில் இல்லை. சென்ற பருவத்தில் அதனுள் விட்டுவைத்த பெட்ரோலிலேயே உள்ளது.

இத்தெளிப்பான்களில் பழையவை 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு யந்திரத்தால் இயங்குபவை. பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் இவ்யந்திரத்தின் ஒரு சுற்று வேலை முடிந்துவிடுகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி முதலில் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறைக்குள் சென்று, அங்கிருந்து சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. அவ்வறையில் எண்ணெய் தேக்கிவைக்க இடமில்லாமையால், மசகெண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டியதாகிறது. அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் வருஷம் விற்பனைக்குக் கொண்டுவந்த நாள் முதல் உலகெங்கும் பரவிய படகு மோட்டார்களில் பழையவை பலவும் இந்த இருவீச்சு இனத்தைச் சேர்ந்தவையே. இதே ஜில்லாவின் கடற்கரை ஊர்களான கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்றவற்றில் படகின் பின்புறம் பூட்டும் அத்தகைய மோட்டார் மக்கர் செய்வதற்கும், குளத்தூர் வயலில் தெளிப்பான் மக்கர் செய்வதற்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே. படகு மோட்டார் தண்ணீராலும், தெளிப்பான் காற்றாலும் குளிர்ச்சி பெறுவதே முக்கிய வேற்றுமை.

முதலில் சோதிக்கத்தக்கது பெட்ரோல். பல மாதங்கள் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடுகிறது. எஞ்சியது பிசுபிசுத்த படிவாகிக் கார்புரேட்டரின் மயிரிழைத் துவாரங்களை அடைக்கிறது. இக்காலத்தில் இத்தொல்லை மிகுந்துள்ளது. ஏனெனில் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயச் சத்து 20 சதவிகிதம் வரை சேர்க்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. டாங்கியில் நீர் அளவுக்கு மிஞ்சிச் சேருமாயின், நீரும் எத்தனாலும் ஒன்றுகூடி அடியில் தங்கிவிடும். மசகெண்ணெயோ மேலே நிற்கும் பெட்ரோலிலேயே இருந்துவிடும். யந்திரம் உறிஞ்சுவது அடியிலிருந்து அல்லவா? எண்ணெயற்ற திரவம் உட்சென்றால் பிஸ்டன் உராய்ந்து இறுகிப்போகும். பழைய யந்திரங்களின் ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாமையால் உப்புதலும் வெடித்தலும் உண்டு. ஆகவே டாங்கியில் உள்ளதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து அரைமணி நேரம் அசையாது வைத்துப் பார்த்தல் நலம். அடியில் தனிப்படலம் தோன்றினாலும், புளித்த வாடை வீசினாலும் அதை யந்திரத்திற்கு உபயோகிக்கலாகாது. டாங்கியையும் வடிகட்டியையும் கழுவி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோல் இட்டபின்பே அடுத்த சோதனைக்குச் செல்லுதல் முறை. துவாரங்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே தகும். கம்பி கொண்டு குத்தினால் துவாரம் பெரிதாகி அளவு கெட்டுவிடும்.

எண்ணெய் கலப்பதில் கைக்கு வந்த அளவு என்பது கூடாது. பழைய யந்திரங்கள் பலவற்றிற்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி லிட்டரும், பிற்காலத்தவற்றிற்கு 20 மில்லி லிட்டரும் விதிக்கப்பட்டுள்ளன. எது பொருந்தும் என்பதை யந்திரத்துடன் வந்த குறிப்பே தீர்மானிக்கும். கடைகளில் '2டி' எனக் கேட்டு வாங்கும் எண்ணெயே இதற்கு உரியது. டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றும் வழக்கம் சிக்கனம்போலத் தோன்றினும் யந்திரத்திற்கு விஷமாகும். எண்ணெய் மிகுந்தால் புகையும் கரியுமே கெடுதி. குறைந்தால் யந்திரமே போய்விடும்.

பெட்ரோல் நன்றாயிருந்தும் கிளம்பாவிடில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெளிர் காப்பி நிறமாயிருத்தல் சுகக் குறி. கரிய எண்ணெய்ப் பசையிருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி, அல்லது பொறி பலவீனம். வெண்சாம்பல் பூத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்றும், யந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றும் கொள்க. முனைகளின் இடைவெளி ஏறக்குறைய 0.6 முதல் 0.7 மில்லி மீட்டர் இருத்தல் வேண்டும். பொறியைச் சோதிக்கையில், சிந்திய பெட்ரோலை முற்றிலும் துடைத்து, பிளக்கைச் சிலிண்டரின் துவாரத்திற்குத் தூரமாக அதன் உலோகத்தில் பதியவைத்து, ரப்பர்ப் பிடியிட்ட குறட்டால் பற்றிக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். நீல நிறப்பொறி சடசடவெனத் தெறித்தல் உத்தமம். பொறியே இல்லையாயின், காயிலை மாற்றுமுன் நிறுத்தும் விசையின் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது புத்தி. மருந்து வழிந்து அவ்விசை துருப்பிடித்தோ, கம்பியின் உறை தேய்ந்து உடலில் பட்டோ பொறி அற்றுப்போதல் தெளிப்பான்களில் அடிக்கடி நேர்வதாகும்.

கிளம்பிச் சில நிமிஷங்கள் ஓடி நின்றுவிடும் யந்திரத்திற்கு வேறு ஒரு சோதனை உண்டு. நின்றவுடன் டாங்கியின் மூடியைச் சிறிது தளர்த்த வேண்டும். 'புஸ்' என்று காற்று உட்புகுந்து யந்திரம் மீண்டும் நன்றாக ஓடுமாயின், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் மண்ணால் அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியளவு துவாரத்திற்காக யந்திரத்தையே பிரித்துப் போடும் தச்சரும் கொல்லரும் இல்லாமல் இல்லை.

விசையைக் கூட்டும்போது தடுமாறும் யந்திரத்தில் 'சோக்'கைச் சிறிது மூடினால் ஓட்டம் சீர்படுகிறதா என்று பார்க்கலாம். சீர்பட்டால் பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது எங்கோ காற்றுக் கசிகிறது என்பது நிச்சயம். இந்நிலையில் யந்திரம் சற்றே வேகமாய், கீச்சென்ற குரலுடன் ஓடுவதைக் கண்டு, 'இன்று நன்றாக ஓடுகிறது' என்று மகிழ்வோர் உண்டு. அது பிஸ்டன் இறுகுவதற்கு முன் வரும் ஓட்டம். உடனே நிறுத்த வேண்டும். குளிர்விக்கும் விசிறியின் மூடியிலும், சிலிண்டரின் தகடுகளிலும் பதரும் தூசியும் அடைந்திருப்பதும் இதே கேட்டை விளைவிக்கும்.

நாளுக்கு நாள் வலுக்குறைந்து வரும் யந்திரத்தில் புகை வெளிச்செல்லும் துவாரத்தையும் சைலென்ஸரையும் ஆராய்தல் தகும். கரி அடைத்துத் துவாரம் சுருங்கினால் புதிய ஆவி உட்செல்ல இடமிராது. பிஸ்டன் துவாரத்தை மூடும்படி நிறுத்தி, மரக்குச்சியால் கரியைச் சுரண்டலாம்; இரும்புக் கருவி வேண்டாம்.

இவையனைத்தும் செய்தபின்னரும் கயிற்றை இழுக்கையில் எதிர்ப்பு இல்லாதிருந்தால் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். மெதுவாக ஓடும்போது வேகம் தானே ஏறியிறங்கினால் தண்டின் இருபுறமுள்ள ரப்பர் அடைப்புகள் கெட்டிருக்கலாம். அப்போதுதான் மெக்கானிக்கின் உதவி தேவை.

அறுவடைக்குப்பின் யந்திரத்தை வைக்குமுன், டாங்கியை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மீந்தது தீரும்வரை வெளியிடத்தில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். மூடிய அறையில் ஓட்டுதல் உயிருக்கு ஆபத்து. பிளக்கைக் கழற்றி ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு முறை கயிற்றை மெல்ல இழுத்துத் திரும்பப் பூட்டலாம். கூட்டுறவுச் சங்கத்திலோ ஊர்ப் பொதுவிலோ பலர் எடுத்துச் செல்லும் யந்திரமாயின், எண்ணெய்க் கலப்பின் அளவை டாங்கியின் மீதே வர்ணத்தால் எழுதிவைத்தலும், பெட்ரோல் ஊற்றிய தேதியையும் திரும்பப் பெற்ற தேதியையும் ஒரு நோட்டில் குறித்து, டாங்கி காலியாக உள்ளதைப் பார்த்தபின்பே வாங்கிவைத்தலும் பொறுப்பிலுள்ள அதிகாரியின் கடமையாகும்.