கூச்சம் வளர்க்கும் கட்டி

கல்லூரிக்குப் போகும் பையன் நாற்காலியின் ஓரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்கிறான். பைக்கை எடுக்க மாட்டேன் என்கிறான். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, சூட்டுக் கட்டி" என்று பேச்சை முடித்துவிடுகிறான். வீட்டில் இளநீரும் வெந்தயமும் கொடுக்கிறார்கள். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை அவனே ரகசியமாகப் போட்டுக்கொள்கிறான். ஒரு நாள் கட்டி உடைந்து சீழ் வடிகிறது, வலி சட்டென்று குறைகிறது. சரியாகிவிட்டது என்று நினைக்கிறான். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அதே இடம் மறுபடியும் வீங்குகிறது.

உட்காரும் இடத்தில் வலி என்றாலே நம் ஊரில் மூலம், இல்லையென்றால் பௌத்திரம். இந்தப் பையனுக்கு வந்திருப்பது இரண்டும் அல்ல. இதன் பெயர் பைலோனிடல் சைனஸ். ஆசனவாய்க்குச் சற்று மேலே, வால் எலும்பை ஒட்டி, இரு பிட்டங்களுக்கும் நடுவிலுள்ள பிளவில் வருவது. உற்றுப் பார்த்தால் அங்கே ஊசி குத்தியதுபோல் ஒன்றிரண்டு சிறு துளைகள் தெரியும். பௌத்திரம் குடலின் உட்புறத்தோடு தொடர்புடையது. பைலோனிடல் சைனஸோ தோலோடும் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போடும் நின்றுவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. பருவ வயது தொடங்கி முப்பதுகள் வரைதான் இதன் ஆட்டம் அதிகம். நாற்பதுக்கு மேல் புதிதாக வருவது அபூர்வம். ஆண்களுக்கே அதிகம், ஆனால் பெண்களுக்கும் வரும்.

குற்றவாளி முடி. அங்கேயே முளைத்த முடி மட்டுமல்ல, முதுகிலிருந்தும் தலையிலிருந்தும் உதிர்ந்தவையும்தான். இந்தக் குழிகளிலிருந்து எடுத்த முடிகளை ஜெர்மனியில் ஆராய்ந்தபோது, கூர்முனையோடு வெட்டுப்பட்ட, வேரில்லாத தலைமுடித் துண்டுகள் ஏராளமாக இருந்தன. முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் ஒரே திசை பார்த்து அடுக்கப்பட்டிருக்கும். வேட்டியில் ஒட்டிய நெற்சுணை நடக்க நடக்க உள்ளேயே ஏறுவதுபோல, உட்கார்ந்து எழும் ஒவ்வோர் அசைவிலும் முடி தோலுக்குள் நகர்கிறது. உள்ளே போன முடியை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கும். சீழ் கட்டுகிறது, தோலுக்கு அடியில் சுரங்கம்போல் ஒரு தடம் நீள்கிறது. சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் என்ற பேச்சில் உண்மையில்லை. பாலுறவால் தொற்றுவதும் அல்ல. ஆழமான பிளவு, அடர்ந்த முடி, உடல் பருமன், நெடுநேரம் உட்கார்ந்து பார்க்கும் வேலை, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருப்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் ஏறத்தாழ 80,000 வீரர்கள் இதற்காக மருத்துவமனையில் படுத்தார்கள். குலுங்கும் வண்டிகளில் போனவர்களுக்கு வந்ததால் இதை 'ஜீப் நோய்' என்றே அழைத்தார்கள். பிறவியிலேயே உள்ள குறை என்று அன்று நம்பியதால், எலும்பு வரை தோண்டி எடுப்பதே வழி என்று அறுத்தார்கள். புண் ஆற வாரங்கள் ஓடின. 1946-இல் இங்கிலாந்தின் பேட்டி, ஸ்கார்ஃப் இருவரும் முடி வெளியிலிருந்தே நுழைகிறது என்று வாதிட்டார்கள். முடிதிருத்துவோரின் விரலிடுக்கிலும் இதே நோய் வருவதும், அதற்குள் வாடிக்கையாளரின் முடி இருப்பதும் அந்த வாதத்துக்கு வலுவான சான்றாயின.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் கிரேக்க ராணுவ அறுவை மருத்துவர் கரிடாக்கிஸ். உதிர்ந்த முடி, அதை உள்ளே தள்ளும் விசை, இடம் கொடுக்கும் தோல் என மூன்றும் சந்திப்பது பிளவின் நடுக்கோட்டில்தானே? அப்படியானால் தையலை அங்கே விடக்கூடாது. பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், பிளவின் ஆழத்தையும் குறைக்க வேண்டும் என்றார். 1992-இல் அவர் வெளியிட்ட ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கணக்கில் நோய் திரும்பியது சுமார் ஒரு சதவீதம்தான். லிம்பெர்க் என்ற அறுவை முறையும், அமெரிக்கரான பாஸ்கமின் பிளவு உயர்த்தும் முறையும் இதே கொள்கையில் நிற்பவை. நடுக்கோட்டிலேயே நேராகத் தைத்து மூடுவதில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அது இன்னமும் செய்யப்படுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

துளை இருந்தும் தொந்தரவே இல்லையென்றால் கத்தி தேவையில்லை. சீழ் கட்டியிருந்தால் ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் நம்பிப் பயனில்லை. மரத்துப்போக ஊசி போட்டுக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். அந்தக் கீறலும் நடுக்கோட்டிலிருந்து விலகியிருப்பது நல்லது. சிலருக்கு அத்தோடு தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால்தான் அடுத்த கட்டம். நோய் சிறிதாக இருந்தால் துளைகளை மட்டும் அகற்றுவது, தடத்துக்குள் ஃபீனால் என்னும் வேதிப்பொருளை விடுவது, எண்டோஸ்கோப் நுழைத்துச் சுத்தம் செய்வது போன்ற சிறிய சிகிச்சைகளே போதும். சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். வெட்டி எடுத்துப் புண்ணைத் திறந்தே விடும் முறையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் டிரஸ்ஸிங் செய்ய வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரப் பலகைகளில் 'லேசர்' என்ற சொல் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கிறது. ஒன்று, தடத்தை உள்ளேயே சுட்டு மூடுவது. மற்றொன்று, சுற்றியுள்ள முடியை லேசரால் நீக்குவது. இரண்டாவதற்கு நல்ல சான்று இருக்கிறது: 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான கவனிப்போடு லேசர் முடிநீக்கமும் பெற்ற இளைஞர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது சுமார் 10 சதவீதம்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் 34 சதவீதம். ஆனால் வீட்டில் பிளேடால் மழிப்பது வேறு கதை. அறுவைக்குப் பின் ரேசரால் மழித்தவர்களுக்கு நோய் அதிகமாகவே திரும்பியதாக ஜெர்மன் ஆய்வு ஒன்று காட்டியது. புகைப்பிடிப்பதையும் நிறுத்துங்கள், புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அதட்டாமல், தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்; அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், "தையல் நடுக்கோட்டில் வருமா, பக்கத்தில் வருமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.