கோரிமேட்டிலிருந்து எம்.எஸ்சி.யா, எம்.சி.ஏ.வா?

கோரிமேட்டில் இருக்கேன்னு சொன்னாலே அடுத்த கேள்வி "ஜிப்மரா?"ன்னுதான் வரும். டாக்டருக்குப் படிக்காதவங்களும் இங்க இருக்காங்க. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணா, எம்.எஸ்சி.யா, எம்.சி.ஏ.வா? எதுவா இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு மேல வீட்ல தாங்காது."

முன்னாடி இந்தக் கேள்விக்கு வருஷக் கணக்கே பதில் சொல்லிடும். எம்.சி.ஏ. மூன்று வருஷப் படிப்பா இருந்தது, பி.சி.ஏ., பி.எஸ்சி. படிச்சவங்க நேரா இரண்டாம் வருஷத்தில் சேரலாம். 2020-21 முதல் எம்.சி.ஏ.வே இரண்டு வருஷம்தான். இப்போ வித்தியாசம் பாடத்தில்தான். எம்.சி.ஏ. மென்பொருள் வேலையை மனசுல வச்சுப் போட்ட பாடத்திட்டம். எம்.எஸ்சி.யில் தியரிக்கு இடம் கொஞ்சம் கூடுதல். கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் உட்காருவாங்க.

எங்க சேர்றது? ராஜீவ் காந்தி சிலையில் ஈசிஆர் பக்கம் திரும்பினா காலாப்பட்டு. அங்க இருக்கிற புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கின மத்தியப் பல்கலைக்கழகம். முன்னெல்லாம் அவங்களே நுழைவுத் தேர்வு வைப்பாங்க. 2022 முதல் நாடு முழுக்க நடக்கிற க்யூட் பி.ஜி. தேர்வு வழியாத்தான் இடம். அதனால போட்டி நம்ம ஊர்ப் பசங்களோட மட்டும் இல்லை. புதுவை அரசு இடங்களுக்கு சென்டாக், தமிழ்நாட்டில் எம்.சி.ஏ.வுக்கு டான்செட். நம்ம ஏரியாவில் சாலையைத் தாண்டினா தமிழ்நாடு வந்துடும், அதனால இருப்பிடச் சான்றிதழில் எந்தப் பக்கம்னு முதல்லயே பார்த்துடுங்க.

தம்பியிடம் நான் அழுத்திச் சொன்னது கேட் தேர்வைப் பத்தி. மூன்றாம் வருஷம் படிக்கும்போதே எழுதலாம். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். ஆனா மூன்று வருஷ பி.எஸ்சி.யை மட்டும் வச்சுக்கிட்டு பொதுவா எம்.டெக். சேர முடியாது, இடையில எம்.எஸ்சி.யோ எம்.சி.ஏ.வோ வேணும். அதுக்கப்புறம் கேட் மதிப்பெண்ணோட ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் கேட்காம படிக்க அதுதான் வழி. நம்ம பி.எஸ்சி. பசங்க கேட்ல சறுக்குற இடம் டிஸ்க்ரீட் மேத்ஸும் ஆட்டோமேட்டா தியரியும். கல்லூரியில் "முக்கியக் கேள்விகள்" மனப்பாடம் பண்ணித் தாண்டின பேப்பர்கள்!

தியரி உண்மையிலேயே பிடிச்சவங்களுக்கு சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கு. எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. நிரூபணம் எழுதத் தெரியணும், அவ்வளவுதான். (அந்த "அவ்வளவுதான்" கொஞ்சம் பெருசு.)

இன்னொரு விஷயம்: எம்.சி.ஏ.வுக்கு பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருக்கணும்னு பல இடங்கள்ல கேட்கிறாங்க. தம்பி ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். "அலைடு மேத்ஸ் இருந்துச்சுண்ணா"ன்னு மார்க் ஷீட்டைத் தேட ஓடினான். இருந்தது, இரண்டு செமஸ்டர்.

க்யூட் பி.ஜி.க்கும் கேட்டுக்கும் சேர்த்தே படிக்கிறதா இருக்கான். முதல் புத்தகம் டிஸ்க்ரீட் மேத்ஸ். என்னோடது, திருப்பித் தரணும்.