கிணற்றுக்கு எத்தனை கரண்டி?

"சார், சுகாதார ஆய்வாளர் என்றால் குப்பையை அள்ளச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர்தானே? அதற்கு எதற்கு இரண்டு வருஷப் படிப்பு?"

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனுக்கு அந்தப் பயிற்சியில் சேர ஆசைதான். ஆனால் வீட்டில் மாமா ஒருவர் சிரித்துவிட்டாராம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். அறிவுரை சொல்வதைவிடக் கணக்குக் கொடுப்பது எனக்கு எளிது. எனவே அவனுக்கு ஒரு கிணற்றுக் கணக்கைக் கொடுத்தேன். மாணவர்களே, அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா?

வெள்ளம் வடிந்த பிறகு

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. வழியெல்லாம் வயலுக்கும் வீட்டுக்கும் நீர் கொடுக்கும் ஆறு அது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரைபுரண்டது. ஊர்களும் வயல்களும் மூழ்கின.

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டாவது ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. வெள்ளநீர் வெறும் மழைநீர் அன்று. சாக்கடை, கழிவறைத் தொட்டி, செத்த கால்நடைகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வந்து கிணற்றில் இறங்கும் நீர் அது. சேறு இரண்டு நாளில் அடியில் படிந்துவிடும். தண்ணீர் தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோய்களைத் தரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தண்ணீர் வழியே காலரா பரவுகிறது என்பதை 1854-இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். இறந்தவர்களின் வீடுகளை அவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரே அடிபம்பின் நீரைக் குடித்தவர்கள் என்பது தெரிந்தது. அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராக் கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே, கேட்டறிந்தும் எண்ணிப் பார்த்தும் கண்டுபிடித்த உண்மை இது. சுகாதார ஆய்வாளரின் வேலை இன்றும் இதே வழியில்தான் நடக்கிறது.

'கொஞ்சம் போடு' என்பது போதாது

கிருமியைக் கொல்ல எளிய மருந்து பிளீச்சிங் பவுடர் என்னும் சலவைத்தூள். நல்ல தூளில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும். காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அது நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். சரி, ஒரு கிணற்றுக்கு எவ்வளவு போட வேண்டும்?

குறைவாகப் போட்டால் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். மருந்து போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் ஊரே அந்த நீரைக் குடிக்கும். அதிகமாகப் போட்டாலோ நாற்றம் தாங்காமல் மக்கள் அந்தக் கிணற்றை விட்டுவிட்டு, மருந்தே போடாத வேறொரு கிணற்றுக்குப் போய்விடுவார்கள். இரண்டு வழியிலும் நோய் வரும்.

முதலில் நீரின் அளவைக் காண வேண்டும். கிணறு ஓர் உருளை. விட்டம் 3 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர் என்று கொள்வோம். 3.14 × 3 × 3 × 4 ÷ 4 = 28.26 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். ஆகவே கிணற்றில் 28,260 லிட்டர் நீர் உள்ளது. சாதாரண நாள்களில் 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தூள் என்பது பழகிய கணக்கு. அதன்படி 71 கிராம் போதும்.

ஆனால் வெள்ளம் புகுந்த கிணற்றில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். ஏன் தெரியுமா? குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. நீரில் உள்ள அழுகிய பொருள்களெல்லாம் அதை முதலில் விழுங்கிவிடும். அவை விழுங்கியது போக மிஞ்சுவதுதான் நமக்குப் பாதுகாப்பு. எவ்வளவு விழுங்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

இதற்கு ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. வில்லியம் ஹாராக்ஸ் என்ற ராணுவ மருத்துவரின் பெயரால் அது ஹாராக்ஸ் கருவி எனப்படுகிறது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் குடிநீரைச் சோதிக்க அது பயன்பட்டது. பெட்டியில் ஒரு கறுப்புக் கிண்ணம், ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், தலைதட்டி அளந்தால் 2 கிராம் பிடிக்கும் கரண்டி, சொட்டுக்குழாய், கலக்கும் குச்சிகள் ஆகியவை உள்ளன.

கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி தூளை நீரில் குழைத்து, குறியிட்ட அளவுவரை நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். வெள்ளைக் கிண்ணங்கள் ஆறிலும் கிணற்று நீர். முதல் கிண்ணத்தில் தெளிந்த கரைசல் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு சொட்டு என ஆறுவரை விட்டுக் கலக்க வேண்டும். அரைமணி நேரம் பொறுத்து, ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச்–அயோடைடு கரைசலை மூன்று சொட்டு விட வேண்டும். குளோரின் மிஞ்சியிருக்கும் கிண்ணம் நீலமாக மாறும். ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்தால் நீலம் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததுதானே!

தெளிவான நீலம் முதலில் மூன்றாம் கிண்ணத்தில் தோன்றினால், 455 லிட்டர் நீருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம் வேண்டும் என்று பொருள். (455 லிட்டர் என்பது பழைய 100 காலன்.) நமது கிணற்றுக்கு 28,260 ÷ 455 × 6 = ஏறக்குறைய 373 கிராம். வழக்கமான கணக்கோ 71 கிராம்! பழக்கத்தை நம்பிப் போட்டிருந்தால் வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் போட்டிருப்போம்.

தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிநீரை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால் நீரைப் பயன்படுத்தலாம். குழாய்நீராக இருந்தால், வீட்டுக் குழாயில் பிடிக்கும்போது குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

ஏழு நாள் ரகசியம்

கிருமிக்கு அடுத்தபடி கொசு. 2012-இல் அப்போது நெல்லை மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர்ப் பகுதியை டெங்குக் காய்ச்சல் வாட்டியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை அவ்வளவாக நாடுவதில்லை. வீட்டுத் தொட்டி, டிரம், பழைய டயர், சிரட்டை, முற்றத்து ஆட்டுரல் இவற்றில் தேங்கும் நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலிசெய்தால் கொசு பிறக்கவே முடியாது. வெறுமனே கவிழ்த்தால் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கொசுப்புழு தன் மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் நீட்டித் தொங்கியபடி சுவாசிக்கிறது. எண்ணெய்ப் படலம் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மூச்சுக்குழலையும் அடைத்துவிடும். புழு மூழ்கி இறக்கும். பரப்பு இழுவிசை வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று, பார்த்தீர்களா?

ஐம்பது வீடுகளைச் சோதித்து நான்கில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு நூற்றுக்கு 8. அடுத்த வாரம் அது குறைந்ததா, கூடியதா? காய்ச்சல் வருமுன்பே அபாயத்தைச் சொல்லிவிடும் எண் அது.

மூக்கை நம்பாதே

மற்றொரு பாடம் உயிரைக் காப்பது. மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அதன் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. எனவே அது குழியின் அடியில் தேங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கே மரத்துப்போகும். 'நாற்றம் போய்விட்டது' என்று தோன்றும் அந்த நேரமே பேராபத்தான நேரம். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் விழுவது இதனால்தான்.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் தலையில் மட்டும் இந்த வேலை சுமத்தப்பட்டு வந்தது. தூய்மைப் பணியாளர்களை மேற்பார்க்கும் ஆய்வாளர் இந்த வரலாற்றையும் வாயுவின் இயல்பையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். "இறங்காதே, இயந்திரம் வரட்டும்" என்று அவர் சொல்லும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும்.

பயிற்சியில் சேர

மக்கள் நல்வாழ்வுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதில் சென்னை மாகாணம் இந்தியாவுக்கு முன்னோடி. 1939-ஆம் ஆண்டின் அந்தப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் குடிநீர், வடிகால், தொற்றுநோய் மட்டுமல்லாமல் சந்தைகளும் திருவிழாக்களும்கூட இடம்பெற்றுள்ளன. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் மக்கள் குடும்பத்தோடு கூடித் தங்குவது உங்களுக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் குடிநீர், கழிப்பிடம், குப்பை அகற்றல் ஆகியவற்றைக் கவனிப்பது இத்துறையின் பொறுப்பு.

சுகாதார ஆய்வாளர் பயிற்சி இரண்டு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். உடற்கூறு, நுண்ணுயிரியல், தொற்றுநோய்கள், நீரும் கழிவும், பூச்சியியல், பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம், முதலுதவி, சட்டங்கள் ஆகியன பாடங்கள். வகுப்போடு களப்பயிற்சியும் உண்டு. திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் 1964-இல் தொடங்கிய கிராமிய சுகாதார நிறுவனம் இத்துறைப் பயிற்சியில் பேர்பெற்றது. சேருமுன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நிறுவனத்தின் சான்றிதழைத் தமிழகப் பொது சுகாதாரத் துறை ஏற்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்காத சான்றிதழால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் ஒன்று உண்டு. அது மக்களிடம் பேசுவது. "பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இந்தத் தண்ணியத்தானே குடிக்கோம். மருந்து வாடை அடிக்குல்லா, எவன் குடிப்பான்?" என்று ஆச்சி ஒருவர் கேட்டால், சட்டப் பிரிவைக் காட்டி அவரை இணங்கவைக்க முடியாது. "ஆச்சி, ஒரு குடத்துல பிடிச்சு மூடி வையுங்க. காலையில வாடை குறைஞ்சிரும். பேரப்பிள்ளைக்கு வயித்துப்போக்கு வராது" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லத் தெரிய வேண்டும்.

மருத்துவர் குணப்படுத்திய நோயாளி நன்றி சொல்லக் கைகூப்பி வருவார். வராமற்போன காலராவுக்காக யாரும் சுகாதார ஆய்வாளரைத் தேடி வருவதில்லை. அவர் வேலையின் பலன், அவருடைய பதிவேட்டில் நோய்க்குரிய இடத்தில் எழுதப்படும் ஒரு சுழிதான். அந்தச் சுழியை வாங்குவதற்கு எத்தனை கணக்கு வேண்டியிருக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் 373 என்று சரியாகவே விடை எழுதினான். பிறகு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மாமாகிட்ட காட்டணும் சார்" என்றான்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. ஒரு கிணற்றின் விட்டம் 2 மீட்டர். நீரின் ஆழம் 3.5 மீட்டர். ஹாராக்ஸ் சோதனையில் தெளிவான நீலம் முதலில் இரண்டாம் கிண்ணத்தில் தோன்றியது. எத்தனை கிராம் தூள் வேண்டும்? (விடை: ஏறக்குறைய 97 கிராம்.) கணக்கு மட்டும் போடுங்கள், தூளை நீங்களாகக் கையாள வேண்டாம்.

2. உங்கள் தெருவில் பத்து வீடுகளில் அனுமதி கேட்டு, தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைப் பாருங்கள். எத்தனை வீடுகளில் கொசுப்புழு இருக்கிறது? வீட்டுக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். அந்தப் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.