அப்சராவின் குளமும் சொசைட்டியின் குளமும்

டிராம்பே என்றதும் மும்பைத் தமிழருக்கு நினைவுக்கு வருவது சீட்டா கேம்ப். 1976-ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் குடியேற்றப்பட்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் ஊர் அது. மற்றவர்களுக்கு டிராம்பே என்றால் பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்கே எழுந்த முதல் அணு உலை ஒரு நீச்சல்குளத்துக்குள் இருந்தது. குளிக்கிற குளம் இல்லை. ஆனாலும் திறந்த குளம்தான். 8.4 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம். 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அது இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது, கட்டியது நம் பொறியாளர்கள். தண்ணீருக்குள் தெரிந்த நீல ஒளியைப் பார்த்து நேரு சூட்டிய பெயர் அப்சரா.

அந்தக் குளத்தின் கொள்ளளவைப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 1,95,000 லிட்டர் வருகிறது. செம்பூர், தேவ்னார் பக்கம் எழும் அடுக்குமாடி சொசைட்டிகளில் 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழத்தில் ஒரு குளம் கட்டினால் கிட்டத்தட்ட அதே தண்ணீர். அப்படியானால் இரண்டுக்கும் ஒரே பம்ப் போதுமா? போதாது. ஏன் போதாது என்று பார்த்தாலே பம்ப் வாங்கும் கணக்கு பிடிபட்டுவிடும்.

சொசைட்டிக் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை எச்.பி. போடலாம்?" கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது, மொத்தத் தண்ணீரும் எத்தனை மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றிவர வேண்டும் என்பது. பலர் இறங்கும் சொசைட்டிக் குளத்துக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 1,95,000-ஐ 6-ஆல் வகுத்தால் மணிக்கு 32,500 லிட்டர். ஒரு சுற்று முடிந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சுத்தமான நீர் அழுக்கு நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், முதல் சுற்றில் 63 சதவீதத் தண்ணீர்தான் ஃபில்டரைப் பார்த்திருக்கும். மூன்று சுற்றுக்குப் பிறகுதான் அது 95 சதவீதத்தைத் தொடும்.

அடுத்தது ஃபில்டர். மணல் ஃபில்டரில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மணிக்கு 25 முதல் 30 கன மீட்டர் தண்ணீர் போனால் மணல் அழுக்கைப் பிடிக்கும். அதற்கு மேல் அழுத்தினால், மாட்டுங்காவில் காபி போடுகிற யாருக்கும் தெரிந்த கதைதான்: பொடி மேல் வெந்நீரை வேகமாகக் கொட்டினால் ஓட்டை விழுந்து டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்கும். மணலிலும் அப்படியே வழி விழுந்து, கலங்கல் நீர் கலங்கலாகவே குளத்துக்குத் திரும்பும். மூன்று எச்.பி. போதும் என்கிற இடத்தில் "பெரிசா இருக்கட்டுமே" என்று ஏழரை எச்.பி.யை மாட்டுபவர்கள் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

நமது கணக்குக்கு 1.2 மீட்டர் விட்டத்தில் ஒரு ஃபில்டர் போதும். ஆனால் நான் 90 சென்டிமீட்டரில் இரண்டு வாங்கச் சொல்வேன். காரணம் பேக்வாஷ். மணலைக் கழுவ, தண்ணீரைக் கீழிருந்து மேலே செலுத்தி மணல் படுகையையே தூக்க வேண்டும். வடிகட்டும்போது போகிற வேகம் அதற்குப் போதாது. மும்பையின் வெதுவெதுப்பான தண்ணீரில் பிசுக்குமை குறைவு, ஆகவே இன்னும் கொஞ்சம் வேகம் தேவைப்படும். இரண்டு ஃபில்டரும் சேர்ந்து வடிகட்டும்போது வேகம் மணிக்கு 26 மீட்டர். ஒன்றை மூடிவிட்டு மற்றதை மட்டும் கழுவினால் அதே பம்ப் 51 மீட்டர் வேகம் தரும். கழுவுவதற்கென்று தனியாக ஒரு பெரிய பம்ப் தேவையில்லை.

பம்ப் கடைசியில்தான் வரும். குழாய், வளைவு, வால்வு, ஃபில்டர் எல்லாம் சேர்ந்து தரும் எதிர்ப்பு 14 மீட்டர் ஹெட் என்றால், மணிக்கு 32,500 லிட்டர் இறைக்க 3 எச்.பி. அளவில் முடிந்துவிடும். வாங்குவது கோயம்புத்தூர் மோட்டாரோ வேறெதுவோ, கடைக்காரரிடம் எச்.பி.யை விட்டுவிட்டு, "இந்த ஹெட்டில் எவ்வளவு டிஸ்சார்ஜ்?" என்று கேளுங்கள். உறிஞ்சும் குழாயை இரண்டு அங்குலத்தில் போட்டுவிட்டால் எந்தப் பம்பாலும் பயனில்லை. உள்ளே கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்கும். நான்கு அங்குலம் வேண்டும்.

இனி அப்சராவுக்கு வருவோம். அங்கே யாரும் குளிக்கவில்லை. எண்ணெய் இல்லை, வேர்வை இல்லை. தண்ணீருக்கு வேலை வேறு: நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க வேண்டும், கதிர்வீச்சைத் தடுக்க வேண்டும், வெப்பத்தை எடுத்துச்செல்ல வேண்டும். உலையின் 1 மெகாவாட் வெப்பத்தை அப்படியே விட்டால் அந்தக் குளம் மணிக்கு 4.4 டிகிரி சூடேறும். உலையைக் கடக்கும் நீர் 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று வைத்தால் மணிக்கு 86,000 லிட்டர் ஓட வேண்டும். சொசைட்டிக் குளத்துக்குத் தேவைப்பட்டதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஃபில்டர் பக்கம் கணக்கு தலைகீழ். இத்தகைய உலைகளில் ஓடுகிற நீரில் ஒரு சிறு பகுதியை மட்டும் பிரித்து, அயனிப் பரிமாற்றப் பிசின் வழியாக அனுப்பினால் போதும். அங்கே நீக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத உப்பு. அது தங்கினால் எரிபொருளின் அலுமினிய உறையை அரிக்கும்.

வேகத்துக்கு அங்கேயும் தடை உண்டு. உலை வழியாகப் போகும் நீரில் நைட்ரஜன்-16 என்ற கதிரியக்கப் பொருள் உருவாகிறது. அதன் அரை ஆயுள் 7 நொடி. அவசரமாக இறைத்தால் அது அழிவதற்குள் ஆட்கள் நிற்கும் பக்கம் வந்துவிடும். அதனால் பல குள உலைகளில் சூடான நீரை ஒரு தொட்டியில் தங்க வைத்து அனுப்புகிறார்கள். ஒரு நிமிடம் தங்கினால் முந்நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பம்பின் வேகத்துக்கு ஏற்ற அளவில் தொட்டி வேண்டும்.

அப்சரா 2009-ல் ஓய்ந்தது. 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி அதன் வாரிசாக அப்சரா-யூ இயங்கத் தொடங்கியது. திறன் 2 மெகாவாட். வெப்பம் இரட்டிப்பானால், அதே 10 டிகிரி வரம்புக்குள் நிற்க நீரோட்டமும் இரட்டிப்பாக வேண்டும்.

சொசைட்டிக் குளத்தில் நிலைமை வேறு. இரவில் யாரும் இறங்காதபோது நீரோட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்றைப் பொருத்தி மோட்டாரை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். மின்சாரமோ ஏறக்குறைய பாதியாகிவிடும்.