பாட்டுக்கு ஓட்டு, பால் சாக்கடைக்கு!

புட்டி புட்டியாகத் திறக்கிறார்கள். குடிக்க அல்ல, கொட்ட! வரிசையாக உட்கார்ந்து சாக்கடையிலே பாலைக் கவிழ்க்கிறார்கள். கெட்ட பாலா? இல்லை. நஞ்சு கலந்த பாலா? அதுவும் இல்லை. மூடிக்குள்ளே ஒரு குறி இருக்கிறது. அதைக் கைப்பேசியிலே காட்டினால், விரும்பிய பாடகனுக்கு ஒரு வாக்கு! மூடி வேண்டும், பால் வேண்டாம்! 2021 மே திங்களிலே சீனத்திலே பரவியது இந்தப் படக்காட்சி. உணவை வீணாக்குவதைத் தடுக்கும் சட்டம் அங்கே நிறைவேறிச் சில நாட்களே ஆகியிருந்தன. 'யூத் வித் யூ' என்ற அந்தப் போட்டியை அதிகாரிகள் நிறுத்தினர். நடத்திய ஐச்சியி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

பால் யாருடையது? மங்னியூ நிறுவனத்துடையது. அந்தப் பெயரை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே! 2005-லும் அதே வணிகர்தான்!

அந்த ஆண்டு ஹூனான் தொலைக்காட்சியின் 'சூப்பர் கேர்ள்' போட்டி, மங்னியூவின் பால் பானத்தின் பெயரைச் சுமந்தே நடந்தது. எந்தப் பெண்ணும் வந்து பாடலாம். பார்ப்போர் கைப்பேசிச் செய்தியால் வாக்களிக்கலாம். சிச்சுவானைச் சேர்ந்த 21 வயது மாணவி லி யூச்சுன், ஆடவர் போலக் குட்டை முடியும் கால்சட்டையுமாக வந்து, 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அள்ளினார். பாமர மக்கள் தம் விரலாலே ஒருவரை உயர்த்தி மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு வாக்குக்கும் காசு!

ஆளவந்தார் விழித்துக்கொண்டனர். சமூகப் பொறுப்பு வேண்டும் என்றனர். 2011-லே, நேர வரம்பை மீறியதாகப் பாட்டுப் போட்டி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக ஒழுக்கம், பொதுப் பாதுகாப்பு, வீட்டு வேலைக் குறிப்பு ஆகியவற்றை ஒளிபரப்புவதாக ஹூனான் நிலையம் பணிந்துரைத்தது! 2012 சனவரி முதல், 34 செயற்கைக்கோள் வரிசைகளிலே முக்கிய நேரக் கேளிக்கை நிகழ்ச்சிகள் வாரத்துக்கு 126-லிருந்து 38 ஆகச் சுருங்கின.

பால் கொட்டிய ஆண்டின் செப்டம்பரிலே இன்னொரு கட்டளை. பாட்டு நட்சத்திரங்களை உருவாக்கும் போட்டிகளுக்குத் தடை. காசுக்கு வாக்கு விற்பதைத் தடுத்தால் கைதட்டலாம். அதே கட்டளையிலே, பெண்மைச் சாயலுள்ள ஆடவர் தோன்றலாகாது என்றும் முடிச்சுப் போட்டனரே, அது எதற்கு? பால் கொட்டியதற்கும் பையனின் முகப்பூச்சுக்கும் என்ன உறவு? குட்டை முடிப் பெண்ணை மக்கள் கொண்டாடிய நாடல்லவா அது!

பொறுப்பு என்ற பெயருக்கு உரிய முயற்சி ஒன்று, 2006-லேயே அதே ஹூனான் நிலையத்திலே பிறந்தது. 'எக்ஸ்-சேஞ்ச்' என்பது அதன் பெயர். பட்டணத்துச் செல்லப்பிள்ளை சிற்றூர்க் குடிசைக்கு. குடிசைப் பிள்ளை பட்டணத்து மாளிகைக்கு. சில நாள் மாற்றம். ஒரு நாட்டின் இரு உலகங்களை ஒரே திரையிலே நிறுத்திற்று. அது சிறு செயலல்ல. முரட்டுப் பட்டணத்துப் பையன் அழுகிறான், திருந்துகிறான், அப்பன் காரிலே வீடு திரும்புகிறான். அவனுக்குப் பாடம் புகட்டப் பயன்பட்ட குடிசைப் பிள்ளையோ, மாளிகையைக் கண்ட கண்களோடு மீண்டும் மலையேறுகிறான். விளக்கும் படக்கருவியும் போன பிறகு அவனுக்கு மிஞ்சியது என்ன?