இறங்குவது சுலபம், ஏறுவதில்தான் சூட்சுமம்!

கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் 'புஸ்'ஸென்று பொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை அந்தப் பாட்டிலில் ஒரு குமிழிகூடத் தெரியாது. வாயு வெளியிலிருந்து வந்ததல்ல. தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து கிடந்ததுதான். அழுத்தம் இருந்தவரை அடங்கியிருந்தது. அழுத்தம் சட்டென்று விலகியதும் குமிழியாகக் கிளம்பிவிட்டது. அதையே திருகுமூடி பாட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் இத்தனை ஆர்ப்பாட்டம் இராது.

இதே சங்கதி மனிதருடைய ரத்தத்தில் நடந்தால் என்ன ஆகும்? கடலுக்கடியில் காற்று உருளையைச் சுமந்து நீந்துகிறார்களே, அந்த ஸ்கூபா நீச்சலின் பாடத்தில் பாதி இந்தக் கேள்விக்கான பதில்தான்.

"வீட்டோடு இருக்கும் உனக்கு எதற்கு அம்மா இந்தப் பாடம்?" என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். தோழிகளோடு அந்தமானுக்குப் போய் ஸ்கூபா கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பணம் கேட்கவில்லை, அனுமதிதான் கேட்டாள். 'முடியாது' என்று சொல்ல ஒரு நொடி போதும். 'ஏன் முடியாது?' என்று அவள் திருப்பிக் கேட்டால் பதில் வேண்டுமே! அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். அவள் படிக்கும் புத்தகத்தை எனக்கும் சொல்லித்தர வேண்டும். எனக்குப் புரிந்து, மனசும் சமாதானமானால் போகலாம். பத்தாவது வரை படித்த எனக்கு, ராத்திரி அடுப்படி வேலை முடிந்தபின் சில வாரங்கள் பாடம் நடந்தது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நைட்ரஜன் என்ற விருந்தாளி

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். பிராணவாயுவை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனால் உடம்புக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா வந்துபோகும் விருந்தாளி.

தரையில் நம்மேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது 2 பங்காகும்; 20 மீட்டரில் 3; 30 மீட்டரில் 4. உருளையிலிருந்து வரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நெஞ்சுக்குள் போகும். அழுத்தம் கூடக்கூட நைட்ரஜன் ரத்தத்தில் அதிகமாகக் கரைகிறது. அங்கிருந்து தசை, கொழுப்பு, மூட்டு என்று எங்கும் போய்த் தங்குகிறது. கொழுப்பில், ரத்தத்தைப் போல ஐந்து மடங்கு கரையும்.

கீழே இருக்கும்வரை இதனால் குமிழி வராது. மேலே வரும்போதுதான் வம்பு. மெதுவாக வந்தால் நைட்ரஜன் ரத்தத்தில் திரும்பி, நுரையீரல் வழியே சாதுவாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் சோடா பாட்டில் கதைதான். மூட்டில் குமிழி வந்தால் தாங்கமுடியாத வலி. தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்து விழுந்துவிடும். உயிருக்கே ஆபத்தும் உண்டு.

பாலம் கட்டிய மனைவி

இந்த நோயை உலகம் நன்றாக அறிந்துகொண்டது கடலில் அல்ல, பாலம் கட்டிய இடங்களில்! ஆற்றின் அடியில் அஸ்திவாரம் தோண்ட, கவிழ்த்த பெட்டி போன்ற பெரிய அறையை இறக்கி, தண்ணீர் புகாமல் அழுத்தக் காற்றை அடைப்பார்கள். வேலை முடிந்து வெளியே வந்த கூலியாட்கள் வலி தாங்காமல் உடம்பை வளைத்து நடந்தார்கள். அப்போது அமெரிக்கச் சீமாட்டிகளிடையே முன்னால் சாய்ந்து நடப்பது ஒரு நாகரிகமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூட இருந்தவர்கள் கேலி செய்ததில், நோய்க்கே 'பெண்ட்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதாம். பெண்களின் நடையிலிருந்து ஒரு நோய்க்குப் பெயர்!

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமை இஞ்சினீயர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-ல் இந்த நோயால் படுக்கையில் விழுந்தார். அவர் மனைவி எமிலி சும்மா கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கவில்லை. கணிதமும், பொருள்களின் தாங்குசக்தியும், கம்பிவடம் அமைக்கும் முறையும் படித்தார். கணவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு தினமும் வேலைத்தலத்துக்குப் போய் இஞ்சினீயர்களிடம் விளக்கினார். 1883-ல் பாலம் முடிந்தபோது, வெற்றியின் அடையாளமாக ஒரு சேவலைக் கையில் ஏந்தி, வண்டியில் முதலில் அதைக் கடந்தவர் எமிலிதான். அவர் பெயர் பொறித்த பலகை இன்றும் அந்தப் பாலத்தில் இருக்கிறது.

ஆடுகள் சொன்ன கணக்கு

எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பதற்குக் கணக்குக் கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி. பிரிட்டிஷ் கடற்படைக்காக, அழுத்த அறையில் ஆடுகளை வைத்துச் சோதித்தார். வலி கண்ட ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளுமாம். வாயில்லா ஜீவன் அப்படித்தான் சொல்லும்.

10 மீட்டர் ஆழத்தில், அதாவது 2 பங்கு அழுத்தத்தில், எத்தனை நேரம் இருந்தவரும் நேரே மேலே வந்தால் நோய் வரவில்லை என்பதை அவர் கவனித்தார். அப்படியானால் அழுத்தம் பாதியாகக் குறையும்வரை உடம்பு பொறுத்துக்கொள்கிறது! 50 மீட்டரில் அழுத்தம் 6 பங்கு. அங்கிருந்து 3 பங்கு உள்ள 20 மீட்டருக்கு வரலாம். பிறகு படிப்படியாக நின்று நின்று ஏற வேண்டும். 1908-ல் இந்த அட்டவணை வெளியானது. இவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் 13 வயதிலேயே அப்பாவின் சோதனைக்காகக் கடலில் இறங்கியவர். பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானியாகி, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

ஹால்டேன் செய்த இன்னொரு காரியம், உடம்பை ஐந்து பிரிவாகப் பிரித்தது. இந்த இடத்தில் எனக்குப் புரியவே இல்லை. கொடியில் துணி உலர்த்தும்போதுதான் பளிச்சென்று புரிந்தது. கைக்குட்டை சட்டென்று நனையும், சட்டென்று காயும். ஜமுக்காளம் நனையவும் நேரமாகும், காயவும் நேரமாகும். இலவம்பஞ்சு மெத்தையைக் கேட்கவே வேண்டாம். அதேபோல், ரத்தம் நிறைய ஓடும் பாகங்கள் நைட்ரஜனைச் சீக்கிரம் ஏற்று, சீக்கிரம் விடும். கொழுப்பும் மூட்டும் தாமதமாக ஏற்று, தாமதமாக விடும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் பாதி நிறைய எத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்தார்: 5, 10, 20, 40, 75. 5 நிமிஷப் பிரிவு முதல் 5 நிமிஷத்தில் பாதி நிறையும். அடுத்த 5 நிமிஷத்தில் மீதியில் பாதி, ஆக முக்கால். இப்படி ஆறு தடவை போனால் கிட்டத்தட்ட முழுதும் நிறைந்துவிடும். பிற்பாடு ஸ்விட்சர்லாந்தின் டாக்டர் பூல்மன் இதை 16 பிரிவாக்கினார். இப்போது மணிக்கட்டில் கட்டும் சின்னக் கம்ப்யூட்டர்கள் பலவும் அவர் கணக்கைத்தான் போடுகின்றன.

"ஒரு தடவை ஏறிவந்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப இறங்கினால்?" என்று மகளைக் கேட்டேன். "ஜமுக்காளத்துலே ஈரம் பாக்கி இருக்குமேம்மா" என்றாள். அதனால்தான் இரண்டாம் முறை இறங்கும்போது நேரத்தைக் குறைக்கிறார்கள். புழக்கத்தில் உள்ள ஓர் அட்டவணைப்படி, முதல் முறை 12 மீட்டரில் 147 நிமிஷம் இருக்கலாம். 18 மீட்டரில் 56. 30 மீட்டரில் 20 மட்டுமே. இதற்குள் கிளம்பினால் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று வருவது நல்லது. மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. நுரையீரல் காற்று மேலே வர வர விரியும். அது வேறொரு பெரிய ஆபத்து.

கம்ப்யூட்டர் சொல்வது பொதுக்கணக்குதான். அது இவள் ரத்தத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கணக்கு மீறாதவர்களுக்கும் அபூர்வமாக நோய் வந்திருக்கிறது.

விமானத்தில் வந்த சிக்கல்

பாடமெல்லாம் முடிந்து பிரயாணத் திட்டத்தைக் காட்டினாள். "கடைசி நாள் காலையிலே ஒரு தடவை இறங்கிட்டு, சாயங்காலம் போர்ட் பிளேர்லே பிளேனைப் பிடிச்சுடலாம்மா."

"ஏண்டி, பிளேனுக்குள்ளே அழுத்தம் எவ்வளவு?" என்றேன். புத்தகத்தைப் புரட்டினாள். பறக்கும் விமானத்துக்குள் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டி மலைமேல் இருப்பது போலத்தான். உடம்பில் பாக்கி நைட்ரஜனோடு ஏறினால், தரையில் வராத குமிழி அங்கே வரலாம். ஒரே ஒரு தடவை மூழ்கினால் 12 மணி நேரம், பல நாள் பல தடவை மூழ்கினால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். முழுசாக ஒருநாள் விடுவது இன்னும் உத்தமம். அன்றே மலைப்பாதையில் காரில் ஏறுவதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிக்கெட்டை மறுநாள் சாயங்காலத்துக்கு மாற்றினாள். நானும் "போய்ட்டு வா" என்றேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை போவதாக இருந்தால்

* முன்னதாக டாக்டரைப் பார்க்கட்டும். ஆஸ்துமா, இதயக்கோளாறு, காதடைப்பு எதையும் மறைக்கக் கூடாது.

* கர்ப்பிணிகள் மூழ்கவே கூடாது. தாயின் உடம்பில் வரும் குமிழியை நுரையீரல் வடிகட்டும். வயிற்றுக் குழந்தைக்கு அந்த வசதி இல்லை.

* குழந்தை பிறந்ததும் மூட வேண்டிய இதயத் துவாரம் ஒன்று, பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சரியாக மூடாமல் இருக்கிறது. சாதாரண வாழ்க்கைக்குத் தொந்தரவில்லை. இங்கே மட்டும் குமிழி குறுக்கு வழியில் போக இடம் தரலாம். காரணமில்லாமல் ஒருமுறை நோய் வந்தவர்கள் இதைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

* நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மது, தூக்கமின்மை, ஏறிவந்த உடனே கடும் உடற்பயிற்சி ஆகாது.

* ஏறிவந்த 24 மணி நேரத்துக்குள் தோள், முழங்கை வலி, தோலில் அரிப்பு அல்லது திட்டு, மரத்துப்போதல், தலைசுற்றல், சிறுநீர் கழிக்கச் சிரமம் எது வந்தாலும் 'சுளுக்கு' என்று தைலம் தேய்த்துப் படுக்கக் கூடாது. படுக்க வைத்து, சுத்தப் பிராணவாயு கொடுத்து, அழுத்த அறைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். திரும்பக் கடலில் இறக்கிச் சரிசெய்யப் பார்ப்பது பெரும் ஆபத்து.

* அந்த அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது, பிராணவாயு படகிலேயே இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

பிள்ளைகள் நமக்குத் தெரியாத துறைகளுக்கெல்லாம் போகிற காலம் இது. பயந்து தடுப்பதைவிட, உட்கார்ந்து கூடப் படித்துவிட்டால், எங்கே விட வேண்டும், எங்கே கையைப் பிடிக்க வேண்டும் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது, சகோதரிகளே!