ஸ்டம்ப் மைக்கில் பதிவான வசைச்சொல்.. மறுநாளே மன்னிப்பு.. அஸ்வின் விவகாரத்தில் டிம் பெய்ன் செய்தது என்ன?

ஆட்டத்தின் நடுவே ஒரு வீரர் கோபத்தில் வாயை விடுவதும், பிறகு மன்னிப்பு கேட்பதும் கிரிக்கெட்டுக்குப் புதிதல்ல. ஆனால் பெரும்பாலான மன்னிப்புகள் தண்டனைக்குப் பயந்து வரும். இல்லையென்றால், "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்று வழுக்கிக்கொண்டு போகும். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் கேட்ட மன்னிப்பு அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் அது இன்றும் பேசப்படுகிறது.

சிட்னியில் என்ன நடந்தது?

பார்டர் - கவாஸ்கர் தொடரின் 3ஆவது டெஸ்ட் அது. தொடர் 1-1 என்ற சமநிலையில் இருந்தது. ஜனவரி 11, கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 407 ரன்கள். ரிஷப் பந்த் 97 ரன்களும் புஜாரா 77 ரன்களும் எடுத்து அவுட் ஆனதும், ஆட்டம் ஆஸ்திரேலியாவின் கைக்குள் வந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

அப்போது களத்தில் சேர்ந்தது ஹனுமா விஹாரி - அஸ்வின் ஜோடி. விஹாரிக்கு தொடையின் பின்பக்கத் தசையில் காயம், ஓடவே முடியவில்லை. அஸ்வினுக்குக் கடுமையான முதுகுவலி. இருவரும் 42 ஓவர்களுக்கு மேல் விக்கெட்டை விடாமல் நின்றார்கள். விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. இந்தியா 334/5. ஆட்டம் டிரா.

பெய்ன் ஏன் நிதானம் இழந்தார்?

விக்கெட் கீப்பரான பெய்னுக்கு அது மோசமான நாள். பந்த் கொடுத்த 2 கேட்ச்களை ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தார். நேரம் ஓடிக்கொண்டே இருக்க, விக்கெட் மட்டும் விழவில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் நின்றபடி அஸ்வினைச் சீண்ட ஆரம்பித்தார். அடுத்த டெஸ்ட் நடக்கும் பிரிஸ்பேனின் கப்பா மைதானத்துக்கு உங்களை அழைத்துப்போகக் காத்திருக்கிறோம் என்றார். நீங்கள் இந்தியா வாருங்கள், அதுவே உங்கள் கடைசித் தொடராக இருக்கும் என்று அஸ்வினும் பதிலுக்குப் போட்டார். பேச்சு முற்றி, பெய்ன் ஒரு வசைச்சொல்லையும் வீசினார்.

எல்லாம் ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. களத்தில் அஸ்வின் விஹாரியிடம் தமிழில் பேசித் தெம்பூட்டியதும் அதே மைக்கில்தான் கேட்டது. நம்மூர் ரசிகர்கள் அதை இன்றும் மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டார்க் பந்தில் விஹாரி கொடுத்த கேட்ச்சையும் பெய்ன் தவறவிட்டார். அன்று அவர் விட்ட 3ஆவது கேட்ச் அது.

ஐசிசி அபராதம் இதற்குத்தானா?

இங்குதான் பலருக்குக் குழப்பம். அந்த டெஸ்டில் பெய்னுக்குப் போட்டிச் சம்பளத்தில் 15% அபராதமும், ஒரு டீமெரிட் புள்ளியும் விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது அஸ்வினிடம் பேசியதற்காக அல்ல. 3ஆம் நாளில் புஜாராவுக்கு எதிரான டிஆர்எஸ் முடிவு சாதகமாக வராததால், நடுவர் பால் வில்சனிடம் அதிருப்தியைக் காட்டியதற்காக விதிக்கப்பட்டது அது. நடுவரின் முடிவை எதிர்ப்பது ஐசிசி நடத்தை விதி 2.8இன் கீழ் குற்றம்.

அஸ்வினை வசைபாடியதற்கு ஐசிசி தனியாக எந்தத் தண்டனையும் அறிவிக்கவில்லை. பெய்ன் நினைத்திருந்தால், 'களத்தில் இதெல்லாம் சகஜம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். யாரும் அவரை மன்னிப்பு கேள் என்று கட்டாயப்படுத்தும் விதி கிடையாது.

மன்னிப்பில் என்ன சொன்னார்?

மறுநாள் ஜனவரி 12 அன்று செய்தியாளர்களைச் சந்தித்தார். தான் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்பு கேட்டார். தன் தலைமை போதுமானதாக இல்லை, ஆட்டத்தின் அழுத்தம் தன் மனநிலையைக் கெடுத்தது, அது ஆட்டத்தையும் கெடுத்தது என்று ஒப்புக்கொண்டார். ஆட்டம் முடிந்ததுமே அஸ்வினிடம் பேசிவிட்டதாகவும் சொன்னார். வாயைத் திறந்தேன், அடுத்து கேட்ச்சை விட்டேன், கடைசியில் நான்தான் முட்டாளாகத் தெரிந்தேன் என்று அஸ்வினிடமே சொன்னதாகவும், இருவரும் சிரித்துக்கொண்டதாகவும் தெரிவித்தார்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். அஸ்வினும் பதிலுக்குப் பேசினாரே என்று அவர் பழியைப் பங்குபோடவில்லை. முதலில் சம்பந்தப்பட்டவரிடம் போனார், அதன் பிறகே மைக் முன்னால் வந்தார்.

இது ஏன் முக்கியம்?

பெய்ன் கேப்டனானதே ஒரு அவமானத்துக்குப் பிறகுதான். 2018 மார்ச்சில் கேப்டவுனில் நடந்த பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஸ்மித்தும் வார்னரும் தலா 12 மாதங்கள், பான்கிராஃப்ட் 9 மாதங்கள் தடை செய்யப்பட்டார்கள். 'எப்படியாவது ஜெயிக்கணும்' என்ற பெயரை மாற்றி, அணியின் நடத்தையைத் திருத்தும் பொறுப்பு பெய்ன் தலையில் விழுந்தது. அப்படிப்பட்டவரே நிதானம் தவறினால், 3 வருடங்களாகச் சொல்லிவந்த மாற்றம் வெறும் பேச்சாகிவிடும். அந்த மன்னிப்பின் பின்னால் இருந்த கட்டாயம் இதுதான்.

கப்பாவில் நடந்தது என்ன?

காயம் காரணமாக அஸ்வினும் விஹாரியும் கப்பாவில் ஆடவில்லை. ஆனால் வலைப்பயிற்சியில் பந்துவீச அணியுடன் தங்கவைக்கப்பட்டிருந்த தமிழ்நாட்டின் வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும் அங்கேதான் டெஸ்ட் அறிமுகம் கண்டார்கள். நடராஜன் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார். சுந்தரும் 3 விக்கெட் எடுத்து, பேட்டிங்கில் 62 ரன்களும் அடித்தார். ஜனவரி 19 அன்று 328 ரன் இலக்கை எட்டி இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்டில் தோற்றது அதுவே முதல் முறை. தொடரும் 2-1 என இந்தியாவுக்கு வந்தது.

மன்னிப்பு ஸ்கோர்போர்டை மாற்றாது. விட்ட கேட்ச்சும் திரும்பி வராது. சொன்ன வார்த்தையை யார் தலையிலும் கட்டாமல், அது என் தப்புதான் என்று மறுநாளே சொல்ல முடியும் என்பதைத்தான் பெய்ன் காட்டினார். தெருவில் கிரிக்கெட் ஆடும் பசங்களுக்கும் இது பொருந்தும்.